மூன்று பிக்கப்பும் ஒரு ராகு காலமும்

தியாகலிங்கம் பிக்கப் வாங்கப் போகிற கதை மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் தெரியாத தமிழர் இல்லை. ஃபோர்ட், செவ்ரோலெட், டொட்ஜ் என்ற மூன்று கம்பெனிகளின் வழவழப்பான படப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அந்தப் பனிக்காலம் முழுவதும் அவன் ஆராய்ச்சி செய்தான். இவ்வளவு கவனத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் மனிசன் இந்நேரம் டொக்டர் என்று அவன் மனைவி குணேஸ்வரி வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு வாயளவில்தான்.

பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து செய்து தியாகலிங்கத்துக்கு மாவின் மணமே வெறுத்துப்போயிருந்தது. சொந்தத் தொழில் என்ற பேய் அவனைப் பிடித்தது அப்போதுதான். ஜூலை முதலாம் திகதி வந்தால் மொன்றியலில் பாதிச் சனம் ஒரே நாளில் வீடு மாறும். கட்டிலையும் மெத்தையையும் ஏற்ற வாகனம் கிடைக்காமல் ஆட்கள் தெருவில் நின்று தலையில் கைவைப்பார்கள். ஒரு பெரிய பிக்கப் இருந்தால் கோடையில் வீட்டுச் சாமான் ஏற்றலாம். பனிக்காலத்தில் முன்னால் ஒரு தகட்டைப் பூட்டி வீட்டு வாசல்களில் பனி வழிக்கலாம். யோசனை ஒன்றும் பிழையில்லை. ஆனால் சின்ன யப்பான் பிக்கப் சரிவராது, அமெரிக்கன் பிக்கப்தான் வேண்டும், அதிலும் முழு அளவானதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

குணேஸ்வரி பயந்த பிறவி. அதை அவளே ஒத்துக்கொள்வாள். நாட்டுக்கு வந்து ஐந்து வருஷமாகியும் மெட்ரோவின் நகரும் படியில் கால் வைக்குமுன் ஒருதரம் முருகனைக் கூப்பிடுவாள். நெடுஞ்சாலையில் கார் வேகம் எடுத்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பத்து மாதக் குழந்தை விதுர்சன் பிறந்த பிறகு பயம் இரண்டு மடங்காகிவிட்டது. குழந்தை தும்மினாலும் பயம், தும்மாவிட்டாலும் பயம். இந்தப் பெண்ணைத்தான் தியாகலிங்கம் மூன்று பிக்கப்பிலும் ஏற்றி ஓடிக் காட்ட வேண்டுமென்று ஆசைப்பட்டான். “நீரும் இருந்து பாத்தால்தான் எது நல்லதெண்டு தெரியும்” என்றான். பிள்ளையை விட்டுவிட்டு வர ஒருவரும் இல்லாததால் பிள்ளையும் ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டது.

முதலில் ஃபோர்ட். அந்த வருஷம் புது உருவத்தில் வந்திருந்தது. மூலையெல்லாம் உருண்டு, பாவித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. குணேஸ்வரிக்கு அது ஓரளவு பிடித்தது. ஓடுகிறவருக்கு மறுபக்கத்தில், முன்கதவுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு சின்னக் கதவு இருந்தது. அதைத் திறந்து நின்ற நிலையிலேயே பிள்ளையைப் பின் சீற்றில் இருத்திக் கட்டலாம். “இது கார் மாதிரிக் கிடக்கு, பிக்கப் மாதிரி இல்லை” என்று தியாகலிங்கம் முகத்தைச் சுளித்தான். அடுத்தது செவ்ரோலெட். எஞ்சின் நல்ல எஞ்சின், ஊரறிந்த எஞ்சின், அதில் அவனுக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் உடம்பு பழைய உடம்பு. பத்து வருஷமாக அதே முகத்தோடு தெருவில் திரிகிறதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டான்.

உண்மையைச் சொன்னால் அவன் மனம் டொட்ஜில் எப்போதோ விழுந்துவிட்டது. அதன் முகம் லொறியின் முகம். நடுவில் உயர்ந்த மூக்கு, இரண்டு பக்கமும் தாழ்ந்த மட்காட். “இரும்பைப் பாரும். மற்றதெல்லாம் தகரம். இது இரண்டேகால் தொன்!” என்று படத்தைத் தடவிக்கொண்டு சொல்வான். பாரம் கூடின வாகனம் பனியில் சறுக்காது, பாரம்தான் பாதுகாப்பு என்பது அவனுடைய முடிவு. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் குணேஸ்வரியும் தலையாட்டிவிட்டாள்.

டொட்ஜ் ஓடிப் பார்க்கப் போனது தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை. கடை நகரத்துக்கு மேற்கே, மொன்றியல் தீவு முடிகிற பக்கம். மற்ற இரண்டு கடையிலும் விற்பனைக்காரன் கூடவே ஏறி வந்து வாய் ஓயாமல் பேசினான். இங்கே அன்று ஒரே ஒரு ஆள்தான் நின்றான். அவன் லைசென்ஸைப் பார்த்து எழுதிக்கொண்டு, இவர்களுடைய பழைய கொரோலாக் காரின் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு, பிக்கப்பின் திறப்பை நீட்டினான். ஆறுதலாக ஓடிப் பாருங்கள், பிடித்தால் வந்து கையெழுத்து வைக்கலாம் என்றான்.

டொட்ஜில் மூன்றாவது கதவு இல்லை. குணேஸ்வரி முன் சீற்றை மடக்கி, உள்ளே அரைவாசி நுழைந்து, குனிந்த முதுகோடு குழந்தை இருக்கையைப் பின்னால் கட்டினாள். அதற்குள் பொம்மிய பனிச்சட்டையோடு விதுர்சனை அமுக்கி, வார்களை மாட்டினாள். மூச்சு வாங்கியது. “ஃபோர்டெண்டால் இந்தப் பாடு இல்லை” என்றாள். அவன் காதில் விழவில்லை. எஞ்சின் உறுமுகிற சத்தத்தைக் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தான்.

நெடுஞ்சாலையில் ஒரு தரம், சின்னத் தெருக்களில் ஒரு தரம் ஓடினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கலியாணப் படத்தில்கூட அவள் கண்டதில்லை. “முடிவு முடிவுதான். இதுதான் எங்கட வாகனம். திரும்பிப் போய்க் கையெழுத்தை வைப்பம்” என்றான்.

குணேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள். “பொறுங்கோப்பா. இப்ப ராகு காலம் துவங்கியிட்டுது. வெள்ளிக்கிழமையில பத்தரை தொடக்கம் பன்ரண்டு வரை. உந்த நேரத்தில போய்க் கையெழுத்து வையாதேங்கோ.”

“கனடாவிலையும் ராகு வந்திட்டாரே? ஆர் அவரை ஸ்பொன்சர் பண்ணினது?”

“பகிடி விடாதேங்கோ. பிள்ளையை ஏத்தித் திரியப் போற வாகனம். கொஞ்சம் சுத்தியிட்டுப் போவம்.”

பகிடி விட்டானே தவிர, தியாகலிங்கத்துக்கும் உள்ளூர அந்தப் பயம் உண்டு. ராகு காலத்தில் ஒரு தீப்பெட்டிகூட வாங்காத குடும்பத்தில் பிறந்தவன். பன்னிரண்டு மணிவரை சும்மா ஓடிக் கடைக்காரனுடைய பெற்றோலை எரிப்பது முறையில்லை என்று மட்டும் சொன்னான். எங்கேயாவது நிறுத்தி, கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிக்கலாம் என்று தீர்மானமாயிற்று.

வீடுகள் முடிந்து மரங்கள் தொடங்கிய ஒரு தெரு. தெருவின் முடிவில் மரங்களுக்கிடையே ஒரு வழி திறந்திருந்தது. அதில் சில்லுத் தடங்கள் தெரிந்தன. அந்தப் பக்கம் பார்த்தால் கண்ணுக்கெட்டியவரை வெள்ளை மைதானம். தூரத்தில் நாலைந்து வாகனங்கள் நின்றன. பக்கத்தில் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னக் கொட்டில்கள். கோடையில் ஐஸ்கிறீம் விற்கிற கொட்டில்களாக்கும் என்று குணேஸ்வரி நினைத்தாள். பெரிய பூங்கா ஏதோ ஒன்று.

“நல்ல இடம். நாலு சில்லையும் பூட்டிப் பாக்கலாம்” என்று தியாகலிங்கம் ஒரு பிடியை இழுத்துவிட்டு வண்டியை இறக்கினான். நாலு சில்லும் ஒன்றாகப் பிடித்து இழுத்தன. மற்றவர்கள் போன தடத்தை விட்டு விலகி, ஒரு காலடிகூடப் படாத பக்கமாக ஓட்டினான். வட்டமடித்தான். பனி இரண்டு பக்கமும் எழுந்து கொட்டியது. பின்னால் விதுர்சன் கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். “பாத்தீரே, பாரம்! பாரம் எண்டால் இதுதான்!” என்று தகப்பன் கத்தினான். குணேஸ்வரி மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று கெஞ்சினாள். ஒரு ஓரமாகத் தனியே கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

அணைத்த பிறகு நல்ல அமைதி. அவள் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி வார்த்தாள். பின்பக்கம் திரும்பிப் பிள்ளையின் வாயில் பால்போத்தலை வைத்தாள். பாலைக் குடித்தபடியே அவன் கண் செருகினான். தியாகலிங்கம் தன்னுடைய கம்பெனிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தான். அப்போது எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. நீளமான முனகல். வயிற்றுக்குள்ளிருந்து வருகிறது போல, ஆனால் வாகனத்துக்குக் கீழே எங்கோ தொலைவில்.

“என்னது?”

“எஞ்சின் ஆறுது. புது எஞ்சின் ஆறேக்க அப்பிடித்தான் சத்தம் வரும்” என்றான் அவன். படப் புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. தெரியாதென்று சொல்லிப் பழக்கமில்லாத மனிசன்.

குணேஸ்வரி கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்து வெளியே பார்த்தாள். கொட்டில்களுக்கு இந்தப் பக்கம், ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் செம்மஞ்சள் உடுப்போடு ஒரு தடித்த மனிசி குந்தியிருந்தாள். அந்தக் குளிரில் வெட்டவெளியில் இருந்து என்ன செய்கிறாள் என்று குணேஸ்வரிக்கு விளங்கவில்லை. அந்த மனிசி கையில் இருந்த ஏதோ ஒன்றைச் சுண்டி இழுத்தாள். நிலத்துக்குள்ளிருந்து ஒரு மீன் வந்தது. பச்சை மீன். பனியில் விழுந்து துடித்தது.

குணேஸ்வரி அதைப் பார்த்தாள். பார்த்ததை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நிலத்துக்குள்ளே மீன் இல்லை. மீன் தண்ணீரில்தான் இருக்கும். அப்படியென்றால் இது மைதானம் இல்லை.

“இஞ்சேருங்கோ. நாங்கள் ஏரிக்கு மேல நிக்கிறம்.”

“என்ன விசர்க்கதை?”

“அந்த மனிசி மீன் பிடிக்குது. அங்கை பாருங்கோ. இது தண்ணி. இது முழுக்கத் தண்ணி!”

அவன் பார்த்தான். கையில் இருந்த தேத்தண்ணி அவனுடைய மடியில் கொட்டியது. அவனுக்குச் சுட்டதாகவே தெரியவில்லை. “அங்கை வேற வாகனங்களும் நிக்குதுதானே… ஐஸ் தடிப்பாத்தான் இருக்கும்” என்று மெல்லச் சொன்னான். அது சரிதான். அந்த வாகனங்கள் ஊர்ச்சனம் ஐஸின் கனத்தை அளந்து பார்த்துத் தடம் போட்ட பக்கத்தில் நின்றன. இவன் தடத்தை விட்டு, ஏதோ ஒரு ஓடை வந்து ஏரியில் விழுவதால் ஐஸ் மெலிந்துபோன மூலையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். அது அவர்களுக்கு அப்போது எங்கே தெரியும்!

அவள் தன் பக்கத்துக் கதவை மெதுவாகத் திறந்து கீழே குனிந்து பார்த்தாள். வரும்போது மாவாக இருந்த பனி இப்போது சாம்பல் நிறத்தில் ஊறிப்போயிருந்தது. முன் சில்லைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓசையே இல்லாமல், அவசரமே இல்லாமல் ஏறியது. மறுபடி அந்த முனகல் கேட்டது. இந்த முறை தூரத்தில் இல்லை, அவள் இருந்த சீற்றின் கீழேயே கேட்டது. பிறகு சடாரென்று ஒரு முறிவு. வண்டி முன்பக்கம் ஒரு சாண் இறங்கி நின்றது. விதுர்சன் விழித்து வீரிட்டு அழுதான்.

குணேஸ்வரி போர்க்காலத்தில் ஊரை விட்டுக் கிளாலிக் கடலைச் சின்னப் படகில் கடந்து வந்தவள். அன்று படகுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, மேலே ஆமிக்காரரின் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. அன்றும் பயந்தாள். ஆனால் இந்தப் பயம் வேறு. அன்று அவள் தன் உயிரை மட்டும் கொண்டுவந்தாள்.

செம்மஞ்சள் உடுப்புக்காரி எழுந்து நின்றுவிட்டாள். கையை ஆட்டிக்கொண்டு இவர்களை நோக்கி ஓடிவந்தாள். பாதித் தூரத்தில் மரம் மாதிரி நின்றாள். அதற்கு மேல் அவள் வரவில்லை. அவள் வராததைக் கண்டதும்தான் குணேஸ்வரிக்கு ஆபத்து முழுவதும் விளங்கியது. “சோர்த்தே! சோர்த்தே!” என்று அந்த மனிசி கத்தினாள். குணேஸ்வரிக்குப் பிரெஞ்சு பெரிதாகத் தெரியாது. ஆனால் மெட்ரோவின் ஒவ்வொரு வாசலிலும் வெளியே போகிற வழிக்கு அந்தச் சொல்லின் இனத்தைத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். வெளியே வா என்கிறாள்.

தியாகலிங்கத்தின் கை எஞ்சினைக் கிளப்புகிற திறப்புக்குப் போனது. “பின்னுக்கு எடுத்திடுவன். நாலு சில்லும் இழுக்கும்.” எஞ்சின் உறுமியது. வண்டி முழுவதும் நடுங்கியது. அந்த நடுக்கம் கீழே போய், கீழேயிருந்து பட்பட்டென்று பதில் வந்தது. “நோ! நோ!” என்று வெளியே அந்த மனிசி இரண்டு கையையும் குறுக்கே வைத்து அலறினாள்.

“நிப்பாட்டுங்கோ! ஐயோ, நிப்பாட்டுங்கோ!”

அவன் அணைத்தான். “நீர் இறங்காதையும். இறங்கினால் பாரம் ஒரு பக்கம் சரியும்” என்றான். இவ்வளவு நாளும் புகழ்ந்த பாரத்தை இப்போது அவன் வாயால் சொல்லும்போது அது கெட்ட சொல் மாதிரி வந்தது.

குணேஸ்வரி பாதி திறந்த கதவை முழுவதும் தள்ளினாள். சீற்றை மடக்கினால்தான் பின்னால் கை எட்டும், சீற்றை மடக்க அவள் முதலில் கீழே இறங்க வேண்டும். மூன்றாவது கதவு இருந்திருந்தால் என்ற நினைப்பு ஒரு கணம் வந்து எரிச்சல் மூட்டியது. வலது காலை வைத்தாள். கணுக்கால்வரை பனித்தண்ணீர் சுட்டது. கீழே இன்னும் ஏதோ தாங்கியது. மற்றக் காலையும் வைத்து, சீற்றை முன்னுக்குத் தள்ளி, உள்ளே நுழைந்தாள். வாரின் பூட்டு நெஞ்சுப் பக்கம் இருந்தது. அமுக்கினாள், வரவில்லை. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து எறிந்தாள். மறுபடி அமுக்கினாள். பிள்ளை அழுதழுது திமிறியதில் வார் இறுகிப் பூட்டு அசைய மறுத்தது. “குஞ்சு, அம்மாவின்ர குஞ்சு, ஆடாதையடா, கொஞ்சம் ஆடாதை” என்று அவள் சொல்லிய குரல் அவளுடையதாகவே இல்லை. வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிள்ளையின் நெஞ்சை ஒரு கையால் பின்னுக்கு அழுத்தி, மற்றக் கையின் பெருவிரல் நகம் பிய்ய அமுக்கினாள். பூட்டு விட்டது.

பிள்ளையோடு வெளியே வந்தபோது அந்த மனிசி பனியில் குப்புறப் படுத்திருந்தாள். மீன்பிடிச் சாமான் இழுக்கிற பிளாஸ்டிக் சறுக்குத் தட்டை இதற்கிடையில் எடுத்து வந்திருந்தாள்; அதை ஒரு நீளமான இரும்புக் கோலால் தள்ளிவிட்டாள். தட்டில் ஒரு கயிறு. கயிற்றின் முனை அவளுடைய கையில். தட்டு சறுக்கி வந்து குணேஸ்வரிக்கு நாலு முழம் முன்னால் நின்றது. “பெபே! பெபே!” என்று மனிசி தட்டைக் காட்டினாள். பிறகு குணேஸ்வரியைக் காட்டி, கையைக் கீழே கீழே என்று அமுக்கினாள். படு என்கிறாள்.

குணேஸ்வரி படுத்துக்கொண்டே ஊர்ந்து போய்ப் பிள்ளையைத் தட்டில் கிடத்தினாள். கையை எடுக்க வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை. பிள்ளையைத் தானே கொண்டுபோனால் இரண்டு பேரின் பாரமும் ஒரே இடத்தில் விழும் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியும் விரல்கள் அந்தப் பனிச்சட்டையை விடவில்லை. யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரி, ஒரு மெல்லிய கயிறு, கீழே எவ்வளவு என்று தெரியாத தண்ணீர். அந்த மனிசி கத்துவதை நிறுத்திவிட்டு அவளுடைய முகத்தையே பார்த்தாள். தலையை ஒருதரம் ஆட்டினாள். குணேஸ்வரி விட்டாள்.

தட்டு போனது. விதுர்சனின் அழுகை அவளை விட்டு விலகி விலகிப் போனது. அந்தக் கயிறு எங்கே அறும், தட்டு எங்கே கவிழும் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் அவள் மூச்சு விடவில்லை. மனிசி பிள்ளையை இரண்டு கையாலும் வாரி எடுத்துத் தன் உடுப்புக்குள் சொருகிய பிறகுதான் குணேஸ்வரி மூச்சை விட்டாள். பிறகு அவளும் ஈரத்தில் வயிறு உரச ஊர்ந்தாள். வயிற்றின் கீழே ஐஸ் முணுமுணுத்தது. கெட்டியான இடத்துக்கு வந்ததும் மனிசி அவளுடைய கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

குணேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். தியாகலிங்கம் இன்னும் உள்ளேதான் இருந்தான்.

“இஞ்சேருங்கோ! இறங்கி வாங்கோ!”

அவன் அசையவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கடைக்காரனுடைய வாகனத்தை விட்டுவிட்டு வர மனமில்லாமல் இருக்கிறான் என்று முதலில் நினைத்தாள்; அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு முகத்தைப் பார்த்தாள். அது வாகனத்தைக் காப்பாற்றுகிற முகம் இல்லை. வாய் திறந்தபடி, கண் எதையும் பார்க்காமல், முன் கண்ணாடியை வெறித்துக்கொண்டிருந்தது. பயத்தில் மனிசன் அப்படியே விறைத்துப்போய்விட்டான். வீட்டில் பயப்படுகிற வேலை எப்போதும் அவளுடையது. அவன் பயந்து அவள் கண்டதே இல்லை.

“என்னப்பா, வாங்கோ! பிள்ளை இஞ்சை இருக்கு. வாங்கோப்பா!”

தண்ணீர் திறந்த கதவுக்குள்ளால் உள்ளே போகத் தொடங்கியது. அவள் எழுந்தாள். செம்மஞ்சள் மனிசி காலைப் பிடித்து விழுத்தினாள். விழுந்த இடத்திலிருந்தே குணேஸ்வரி தொண்டை கிழியக் கத்தினாள்.

“அடேய் தியாகலிங்கம்! இறங்கடா! மாடு, எருமை! உன்ர பிள்ளைக்கு அப்பன் வேணுமடா! இறங்கி வாடா!”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவனை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேய் என்ற சொல்லைக் கனவிலும் சொன்னதில்லை. அடித்தாற்போல அவன் தலை திரும்பியது. அவளைப் பார்த்தான். கை ஸ்டியரிங்கை விட்டது. சீற்றுக்குச் சீற்று நகர்ந்து, அவள் திறந்துவிட்ட கதவால் தண்ணீருக்குள் விழுந்து, எழும்பி, விழுந்து, தவழ்ந்து வந்தான். அவன் பாதி வழியில் வரும்போது பின்னால் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். பிக்கப் நாலு சில்லோடும் ஒரேயடியாகக் கீழே போனது. எழும்பி வந்த தண்ணீர் அவனை இடுப்புவரை மூடியது. அவனுக்குக் கீழே இருந்த ஐஸும் சரிந்தது. மனிசி கயிற்றை எறிந்தாள். அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். இரண்டு பெண்களும் பின்னுக்குச் சாய்ந்து, குதிக்காலை ஊன்றி இழுத்தார்கள். குணேஸ்வரி எப்படி இழுத்தாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகமில்லை. தோள்மூட்டு நோவு மட்டும் கிழமைக்கணக்கில் இருந்தது.

கொட்டில்களிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ ஒருவர் தியாகலிங்கத்தைக் கம்பளியால் போர்த்தினார். இன்னொருவர் வாயில் ஏதோ காரமான குடிவகையை ஊற்றினார். செம்மஞ்சள் மனிசி தன் நெஞ்சைத் தட்டி, “அக்னெஸ்” என்றாள். குணேஸ்வரி அவளைக் கும்பிட்டாள். நன்றிக்கு அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரு சொல்தான், அது போதாதென்று பட்டது. அக்னெஸின் உடுப்புக்குள் விதுர்சனின் தலைமட்டும் தெரிந்தது.

வந்தவர்களில் ஒருவர் பிக்கப் விழுந்த இடத்தைப் பார்த்து, மற்றவர்களுக்கு ஏதோ சொல்லி, கையைத் தன் கழுத்தடியில் வைத்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, நெஞ்சுப் பாரம் இறங்கின சிரிப்பு. பிக்கப் ஏரிக்குள் மறைந்துபோகவில்லை. கரையோரமானதால் அடியைத் தொட்டு நின்றுவிட்டது. கூரையும் பக்கக் கண்ணாடியில் பாதியும் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே வெளியே தெரிந்தன.

தியாகலிங்கத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பல் கிடுகிடுக்க, அவனும் சிரிக்கத் தொடங்கினான். “கழுத்தளவுதானாம்!” என்றான். கையை உயர்த்தித் தன் கழுத்தில் வைத்தான். “பாத்தீரே, கழுத்தளவுத் தண்ணி. எழும்பி நிண்டு நடந்தே வந்திருக்கலாம். வீணாச் செத்துப் பிழைச்சம்.”

குணேஸ்வரி சிரிக்கவில்லை. பிக்கப்பின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அந்தப் பக்கம், கட்டினபடியே இருந்த குழந்தை இருக்கையின் மேல்விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. மிச்சமெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. பிள்ளையின் தலை சாய்ந்திருந்த மெத்தை, நெஞ்சில் பூட்டின வார், எல்லாம்.

அவனுடைய முகத்தை நாடியில் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள்.

“அது உங்கட கழுத்து” என்றாள்.

அவன் பார்த்தான். கழுத்தில் வைத்த கையை இறக்காமல், நெடுநேரம் அப்படியே நின்றான்.